தாளில் தேறிய கருவிகள்

வணிக நிறுவனங்களுக்கென எழுதப்படும் மென்பொருள், தரவைப் பெற்றுச் சேமித்துக் கணக்கிடுவதோடு தன் வேலையை முடித்துக்கொள்வதில்லை. சேமித்ததை வாடிக்கையாளரும் காசாளரும் கணக்கப்பிள்ளையும் தணிக்கையாளரும் வரி அலுவலரும் கையில் பிடித்துப் படிக்கத்தக்க தாளாக மாற்றித் தருவதும் அதன் கடமையாகும். இவ்வாறு அச்சுக்கென ஒழுங்கு செய்யப்பட்ட வெளியீட்டை மென்பொருள் துறையினர் ரிப்போர்ட் என்றும், தமிழில் எழுதுவோர் அறிக்கை என்றும் குறிப்பிடுகின்றனர். ஒற்றைத் தாள் பில், நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஓடும் பேரேடு, சேலையின் மடிப்பில் கட்டித் தொங்கவிடப்படும் விலைச்சீட்டு ஆகிய மூன்றும் இப்பொருளில் அறிக்கைகளே. தாளின் அமைப்பை ஒருமுறை வரைந்து காட்டிவிட்டால், அதன்படி தரவை இட்டு நிரப்பி அச்சிட்டுத் தரும் துணை மென்பொருள்கள் அறிக்கைக் கருவிகள் எனப்படுகின்றன. இவற்றுள் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது பெரும்பாலும் விலையையும் வசதிகளின் பட்டியலையும் கொண்டே பேசப்படுகிறது. ஆயினும் 1990களின் நடுப்பகுதி தொடங்கித் தியாகராய நகரின் ஜவுளிக் கடைகளுக்கும் நகைக் கடைகளுக்கும் மென்பொருள் எழுதித் தந்த ஒரு சிறு நிறுவனத்தில் பணியாற்றிய இக்கட்டுரையாளரின் அனுபவத்தில், எந்தக் கருவி நிலைக்கும், எது வெளியேறும் என்பதைத் தாளே தீர்மானித்தது.

தியாகராய நகர் இத்தகைய அனுபவத்துக்கு ஏற்ற களமாக அமைந்ததற்கு அதன் வணிகத்தின் இயல்பே காரணமாகும். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் குடியிருப்பாக உருவாக்கப்பட்டு, நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்ட இப்பகுதி, 1928இல் தொடங்கிய நல்லி போன்ற பட்டுக் கடைகளால் மெல்ல மெல்லச் சந்தையாக மாறி, நூற்றாண்டின் இறுதிக்குள் உஸ்மான் சாலை, பாண்டி பஜார், ரங்கநாதன் தெரு ஆகியவற்றைச் சுற்றித் தமிழகத்தின் மிகப் பெரிய சில்லறை வணிக மையங்களுள் ஒன்றாகியிருந்தது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி, தை மாத முகூர்த்தங்கள், அட்சய திருதியை ஆகிய நாட்களில் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து இறங்கிவரும் கூட்டம் முழுவதும் ஏதேனும் ஒரு பில் மேசையின் முன்னால் வந்து நிற்கும். அந்த மேசையில் ஒரு பில் அச்சாக ஆகும் நேரம் சில விநாடிகள் கூடினால், வரிசை கடையைத் தாண்டித் தெருவுக்குப் போய்விடும். வெங்கட்நாராயணா சாலை, பசுல்லா சாலை ஆகியவற்றின் குறுக்குத் தெருக்களில், அடுக்குமாடி வீடுகளின் இரண்டு அறைகளில் இயங்கிய சிறு மென்பொருள் நிறுவனங்கள் இக்கடைகளை நம்பியே இருந்தமையால், அங்கு அறிக்கை என்பது திட்டத்தின் இறுதியில் சேர்க்கப்படும் ஒட்டு வேலையாக இருக்க இயலவில்லை.

அன்றைய தாள், இருபுறமும் துளைவரிசை கொண்டு மடிப்பு மடிப்பாக அடுக்கப்பட்டிருந்த தொடர்தாள். பத்து அங்குல அகலத் தாளில் அங்குலத்துக்குப் பத்து எழுத்து வீதம் 80 எழுத்துகளும், பதினைந்து அங்குலத் தாளில் 132 எழுத்துகளும் ஒரு வரியில் அடங்கும் என்பது அன்றைய நிரலாளர் அனைவரும் அறிந்த கணக்கு. அச்சிட்டவை டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிகள். அதாவது, ஒன்பது அல்லது இருபத்து நான்கு ஊசிகளைக் கொண்ட ஒரு தலை மை நாடாவின் மீது அடித்து, புள்ளிகளால் எழுத்தை உருவாக்கும் பொறிகள். எப்சன் நிறுவனத்தின் பொறிகளும், சென்னையைச் சேர்ந்த டி.வி.எஸ். எலக்ட்ரானிக்ஸின் எம்.எஸ்.பி. வரிசைப் பொறிகளும், விப்ரோவின் பொறிகளும் கடைகளில் இரைந்துகொண்டிருந்தன. ஊசி தாளை அடிக்கிறது என்பதாலேயே அடியில் வைத்த கார்பன் தாளிலும் பதிவு விழுந்து, வாடிக்கையாளருக்கு ஒன்று, பொருள் கொடுக்கும் மேசைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று என மூன்று பிரதிகள் ஒரே ஓட்டத்தில் கிடைத்தன. பின்னர் வந்த லேசர் பொறியால் இதைச் செய்ய இயலாது என்பதை, அப்பொறிகளை வாங்கிப் பின்புற அறையில் வைத்த கடைகள் விரைவில் உணர்ந்தன.

இப்பொறிகளோடு பேசுவதற்கு அக்காலத்தில் தனிக் கருவி தேவைப்படவில்லை. டாஸ் இயங்குதளத்தில் ஓடிய கிளிப்பர், ஃபாக்ஸ்ப்ரோ ஆகிய மொழிகளே கருவிகளாக இருந்தன. இத்தனையாவது வரியில், இத்தனையாவது நெடுவரிசையில் இன்ன செய்தியை எழுது என்று நிரலில் கட்டளை தரப்பட்டது. எழுத்தைச் சுருக்க 15 என்ற குறியெண், சுருக்கத்தை நீக்க 18, அகல எழுத்துக்கு 14, தாளை வெளித்தள்ள 12 என எப்சன் வகுத்த கட்டுப்பாட்டுக் குறியெண்கள் மனப்பாடமாக இருந்தன. இவற்றுள் மிகுந்த கவனத்தைக் கோரியது பக்க நீளத்தை அறிவிக்கும் குறியெண் ஆகும். அங்குலத்துக்கு ஆறு வரி என்பது பொறியின் வழக்கமான அளவு; ஆறு அங்குல பில் தாளுக்கு 36 வரி என்று பொறிக்குத் தெரிவிக்கப்படாவிட்டால், அது பன்னிரண்டு அங்குலத் தாள் எனக் கருதி ஒவ்வொரு பில்லுக்கும் ஒரு வெற்றுத் தாளைத் தள்ளிவிடும்; ஒரு வரி மட்டும் தவறினாலோ, அடுத்தடுத்த பில்களில் தலைப்பு மெல்ல ஏறி ஏறி, மாலைக்குள் மொத்தத் தொகை துளைக்கோட்டின் மேலேயே வந்து நிற்கும்.

பில்லுக்கு இம்முறை போதுமானதாக இருந்தாலும் பேரேட்டுக்கும் விற்பனைப் பதிவேட்டுக்கும் போதவில்லை. அங்கேதான் ஃபாக்ஸ்ப்ரோவுடன் வந்த அறிக்கை வடிவமைப்பி உதவியது. அது தாளைக் கிடைமட்டப் பட்டைகளாகப் பிரித்தது: ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வரும் பக்கத் தலைப்பு, ஒரு பிரிவு தொடங்கும்போது வரும் குழுத் தலைப்பு, ஒவ்வொரு பதிவுக்கும் ஒருமுறை வரும் விவரப் பட்டை, பிரிவு முடிகையில் கூட்டுத்தொகை தாங்கிவரும் குழு அடி, இறுதியில் முழுக் கூட்டு. காஞ்சிபுரம் பட்டு, ஆரணிப் பட்டு, சின்னாளப்பட்டிச் சேலை என வகைவாரியாகப் பிரித்து, வகைக்குள் விற்பனையாளர்வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கூட்டு காட்ட வேண்டிய ஜவுளிக் கடைக்கு இவ்வமைப்பு இயல்பாகப் பொருந்தியது. பட்டை என்னும் இக்கருத்து புதியதன்று; ஐ.பி.எம். நிறுவனம் தன் 1401 கணினிக்காக 1959இல் உருவாக்கிய ஆர்.பி.ஜி. என்ற மொழியின் பெயரே அறிக்கை நிரல் ஆக்கி என்று பொருள்படுவதாகும்; துளையட்டைகளைக் கூட்டும் பழைய பொறிகளின் வேலையை ஏற்றுக்கொள்ளவே பிறந்த அம்மொழியில், கட்டுப்பாட்டுப் புலம் ஒன்றின் மதிப்பு மாறும் இடத்தில் கூட்டுத்தொகை அச்சாகும் முறை அப்போதே நிலைபெற்றுவிட்டது. பிற்காலத்தில் வந்த கருவிகளுள் பெரும்பாலானவை திரையில் அழகு கூடியிருந்தாலும் உள்ளே அதே பட்டைகளையே கொண்டிருக்கின்றன என்பதால், ஒன்றைக் கற்றவர் மற்றொன்றுக்கு மாறுவது கடினமாக இருந்ததில்லை.

விண்டோஸ் வந்தபோது முதல் உண்மையான தேர்வு எழுந்தது. கனடாவின் வான்கூவரில் உருவான கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ் என்ற கருவி, 1993இல் வெளியான விஷுவல் பேசிக் மூன்றாம் பதிப்புடன் சேர்த்தே வழங்கப்பட்டமையால், அம்மொழியைக் கற்ற எல்லோரிடமும் தனியே விலை கொடுக்காமல் வந்து சேர்ந்திருந்தது. அதன் பெரும் சிறப்பு, அறிக்கையின் அமைப்பை நிரலுக்குள் வைக்காமல் தனிக் கோப்பில் வைத்தது ஆகும். கடையின் தொலைபேசி எண் மாறினாலும், ஒரு நெடுவரிசையை நகர்த்த வேண்டியிருந்தாலும், மென்பொருள் முழுவதையும் மீண்டும் தொகுக்காமல் அந்த ஒரு கோப்பை மட்டும் திருத்தி, ஃப்ளாப்பியில் எடுத்துக்கொண்டு உஸ்மான் சாலைக்கு நடந்துபோய் மாற்றிவிட்டு வர முடிந்தது. அதே சாலையில் நாளொன்றுக்கு இருமுறை நடந்த காலமும் உண்டு என்பதால், இவ்வசதியின் அருமையை இக்கட்டுரையாளர் நன்கு அறிவார்.

ஆனால் அதே கருவி பில் மேசையில் தோற்றது. விண்டோஸ் தன் எழுத்துருக்களைக் கொண்டு தாளை ஒரு படமாக வரைந்து பொறிக்கு அனுப்புகிறது; பொறியின் நினைவிலேயே உள்ள எழுத்துகளை அடிக்கச் சொல்லும்போது ஒரே வீச்சில் ஒரு வரியை முடிக்கும் ஊசித்தலை, படம் வரையும்போது ஒவ்வொரு வரியையும் பல முறை கடந்து புள்ளி புள்ளியாக நிரப்ப வேண்டியிருந்தது. டாஸில் நொடியில் வெளிவந்த பில், விண்டோஸில் வரிசையில் நிற்பவர் பெருமூச்சு விடும் அளவுக்கு இழுத்தது. தீபாவளிக்கு முன் வாரம் ஒரு கடையில் இம்மாற்றம் நிகழ்ந்தபோது, வயது முதிர்ந்த கணக்கப்பிள்ளை ஒருவர், "தம்பி, திரை நல்லாத்தான் இருக்கு, தாள் எப்ப வரும்?" என்று கேட்டது, எந்த ஒப்பீட்டு அட்டவணையும் கேட்காத கேள்வியாகும். அதன்பின் இக்கட்டுரையாளர் பணியாற்றிய நிறுவனம் இரு வழிகளை வகுத்துக்கொண்டது: பில் பழைய முறையில் வெற்று உரைக் கோப்பாக எழுதப்பட்டு, விண்டோஸின் அச்சு இயக்கியைத் தொடாமல் நேரே பொறியின் வாயிலுக்கு அனுப்பப்பட்டது, மாலையில் ஓய்வாக அச்சிடப்படும் பதிவேடுகளும் ஆடிட்டருக்குப் போகும் பட்டியல்களும் கிரிஸ்டலில் செய்யப்பட்டன. ஒரு நிறுவனத்துக்கு ஒரே அறிக்கைக் கருவி போதும் என்று கூறுவோர், பில் என்பது ஆயிரம் முறை அச்சாகும் ஒரு பக்கம் என்பதையும், பேரேடு என்பது ஒருமுறை அச்சாகும் ஆயிரம் பக்கம் என்பதையும் பிரித்துப் பார்க்கத் தவறுகின்றனர்.

நகைக் கடைகள் இன்னொரு வகைச் சோதனையை வைத்தன. ஒரு நகையின் பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை ஆகியவை கிராமில் மூன்று தசமத்துக்கு வர வேண்டும். அதன்பின் நகை செய்கையில் தங்கம் வீணாவதற்கு ஈடாகச் சேர்க்கும் சேதாரம், பொற்கொல்லரின் உழைப்புக்கான செய்கூலி, கல்லின் விலை, வரி ஆகியவை வரிசையாக வர வேண்டும். ஒவ்வொரு வரியையும் பைசாவுக்கு முழுமையாக்கி அவற்றைக் கூட்டினால் ஒரு தொகையும், கூட்டிய பின் முழுமையாக்கினால் வேறொரு தொகையும் கிடைக்கும். பில்லில் ஒரு வழியும் மாதப் பதிவேட்டில் மற்றொரு வழியும் கையாளப்பட்டால் மாத முடிவில் சில ரூபாய்கள் இடிக்கும். அந்தச் சில ரூபாய்க்காக ஆடிட்டர் அலுவலகத்தில் ஓர் இரவு முழுதும் பில் கட்டுகளைப் புரட்டியதன் விளைவாக உறுதிப்பட்ட கொள்கை என்னவெனில், பணத்தைக் கணக்கிடும் வேலையை அறிக்கைக் கருவியிடம் ஒருபோதும் ஒப்படைக்கலாகாது என்பதே. கருவிகள் சூத்திரம் எழுத இடம் தருகின்றன என்பது உண்மைதான். ஆனால் சூத்திரங்கள் ஒவ்வோர் அறிக்கைக் கோப்புக்குள்ளும் தனித்தனியே புதைந்துகிடக்கையில், அவை ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று எவராலும் சரிபார்க்க இயலாது. கணக்கு தரவுத்தளத்தில் ஒருமுறை செய்யப்பட்டுச் சேமிக்கப்பட வேண்டும். கருவி அதை எடுத்துத் தாளில் வைக்க மட்டுமே வேண்டும்.

எண்ணை எழுதும் முறையும் சோதனைக்கு உட்பட்டது. லட்சம், கோடி என்னும் நம் வழக்கில் 12,34,567 என்று எழுதப்படும் எண்ணை, மேல்நாட்டில் பிறந்த கருவிகள் தம் இயல்பில் 1,234,567 என்று எழுதின. எண்ணைச் சொற்களாக்கிக் காட்ட கிரிஸ்டலில் இருந்த செயல்கூறு, லட்சத்தை அறியாது ஆயிரம், மில்லியன் என்றே ஆங்கிலத்தில் அடுக்கிற்று. ஆகவே, லட்சத்தில் காற்புள்ளி இடவும், தொகையை எழுத்தால் எழுதவும் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு சிறு நிரலை வைத்திருந்தது. அத்தகைய நிரலைக் கருவிக்குள் செருக முடியுமா என்பது, கருவியின் விலையைக் காட்டிலும் முதன்மையான கேள்வியாக இருந்தது. பின்னாளில், 2010 ஜூலையில், தமிழ்நாட்டைச் சேர்ந்த வடிவமைப்பாளர் உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியை மத்திய அரசு ஏற்றபோது, பழைய எழுத்துருக்களில் அக்குறி இல்லாமையால் பில்லில் அதன் இடத்தில் வெற்றுக் கட்டம் விழுந்தது. டாட் மேட்ரிக்ஸ் பொறிகள் இன்றளவும் பெரும்பாலும் பழைய சுருக்கத்தையே அடித்துக்கொண்டிருக்கின்றன.

இவை யாவற்றினும் ஆழமாகக் கருதத்தக்கது தமிழின் நிலை. தொடர்தாள் காலத்தில் பெரிய கடைகளின் பில்லில் தமிழ் இருந்தது. கடையின் பெயர், முகவரி, வகை, அளவு, தொகை என்னும் நெடுவரிசைத் தலைப்புகள், விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்பன போன்ற குறிப்புகள் ஆகிய அனைத்தும் அச்சகத்தில் வண்ணத்தில் முன்னதாகவே அச்சிடப்பட்ட தாளில் இருந்தன. மென்பொருள் இடையில் இருந்த வெற்றுக் கட்டங்களை மட்டும் ஆங்கில எழுத்தாலும் எண்ணாலும் நிரப்பிற்று. தமிழ் தாளில் இருந்ததே தவிர மென்பொருளில் இல்லை என்பதை அப்போது எவரும் பொருட்படுத்தவில்லை. வெற்று ஏ4 தாளும், அதன்பின் சுருள்தாளும் வந்து, தலைப்பு முதல் அடிக்குறிப்பு வரை அனைத்தையும் மென்பொருளே அச்சிடும் நிலை ஏற்பட்டபோது, முன்னச்சிட்ட தாளோடு தமிழும் சத்தமின்றி விடைபெற்றது. கடையின் பெயர்ப் பலகையில் தமிழ் முதலிடம் பெற வேண்டும் என்று விதி உள்ள மாநிலத்தில், அப்பலகையின் கீழ் நின்று வாங்கும் பொருளுக்குத் தரப்படும் சீட்டில் ஒரு தமிழ் எழுத்தும் இல்லாமற்போனது, எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. கருவியைத் தேர்ந்தவர்கள் அதை ஒரு நிபந்தனையாகக் கேட்கவில்லை என்பதே காரணம். இவ்விழப்பு இக்கட்டுரையாளரை இன்றும் வருத்துவதாகும்.

கேட்ட சிலருக்கும் விடை எளிதாகக் கிடைக்கவில்லை. யூனிகோடுக்கு முன்பு தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துக்கொண்டிருந்தன. நிறுவனத்துக்கு நிறுவனம் இவ்விடங்கள் வேறுபட்டன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் மாநாட்டையொட்டி மாநில அரசு டாம், டாப் என்னும் இரு குறியீட்டு முறைகளைத் தரமாக அறிவித்த பின்னும், கடைகளின் தரவுத்தளங்களில் பலவகைக் குறியீடுகள் கலந்தே கிடந்தன. அம்முறையில் தரவைத் திறந்து பார்த்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஆயினும் உரிய எழுத்துருவை அறிக்கைப் புலத்துக்கு ஒதுக்கிவிட்டால், எந்தக் கருவியும் தமிழைப் பிழையின்றி அச்சிட்டது, ஏனெனில் கருவியைப் பொறுத்தவரை அது ஆங்கிலமே. யூனிகோடு இதைத் தலைகீழாக்கியது. அதில் தரவு தூய்மையானது, தேடவும் வரிசைப்படுத்தவும் உகந்தது; ஆனால் எழுத்தைத் தாளில் வரையும் பொறுப்பு கருவியின் மேல் விழுந்தது.

இப்பொறுப்பைச் சற்று விளக்குவது தகும். யூனிகோடில் மெய்யின் வடிவம் முதலிலும் உயிர்க்குறி அதற்குப் பின்னும் சேமிக்கப்படுகின்றன. ஆனால் எகர, ஏகார, ஐகாரக் குறிகள் தாளில் மெய்க்கு முன்னால் வர வேண்டும். ஒகர, ஓகாரக் குறிகளோ இரண்டாகப் பிரிந்து மெய்யின் இருபுறமும் நிற்க வேண்டும். சேமிப்பு வரிசையை எழுதும் வரிசையாக மாற்றும் இவ்வேலை எழுத்து வடிவாக்கம் எனப்படுகிறது. விண்டோஸ் 2000 முதல் அவ்வியங்குதளத்துக்குள் இவ்வேலைக்கான பகுதி இருந்தமையால், திரைக்கும் அச்சுக்கும் அதை நம்பிய கருவிகள் தேறின. ஆனால் பி.டி.எஃப். கோப்பைத் தாமே எழுதும் நூலகங்களுள் பல, எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக இட்டு முடித்துக்கொண்டன. ஒரு நகைக் கடைக்கென அத்தகைய கருவி ஒன்று சோதிக்கப்பட்டபோது, ரவை, வளையல், சங்கிலி ஆகியவற்றுள் சங்கிலி மட்டும் பிழைத்தது. கொலுசு, தோடு, மோதிரம், வைரம் ஆகியவை சிதைந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, பில்லின் அடியில் கட்டாயம் வர வேண்டிய தொகை என்ற சொல்லில் ஒகரமும் ஐகாரமும் ஒருங்கே இருப்பதால், அது படிக்க இயலாத வடிவில் வந்து நின்றது. அன்று முதல், எந்தக் கருவியின் விளக்கக் காட்சியிலும் முதலில் அச்சிடச் சொல்லப்பட்ட சொல் அதுவே ஆயிற்று. திரையில் சரியாகத் தெரிந்து, பி.டி.எஃப்.இல் சிதைந்து, தாளில் மீண்டும் வேறாக வரும் கருவிகளை இச்சோதனை ஒரு நிமிடத்தில் பிரித்துக் காட்டியது.

2000க்குப் பின் தேர்வுக்கான களம் விரிந்தது. 2001இல் வெளிவந்த ஜாஸ்பர் ரிப்போர்ட்ஸ், எக்லிப்ஸ் அமைப்பின் கீழ் வளர்ந்த பெர்ட் ஆகியவை திறந்த மூலக் கருவிகளாக, அதாவது மூலநிரலோடு கட்டணமின்றிக் கிடைப்பனவாக அமைந்தன. மைக்ரோசாஃப்ட் 2004இல் தன் தரவுத்தளத்துடன் சேர்த்தே ஓர் அறிக்கைச் சேவையை வழங்கிற்று. கிரிஸ்டலோ கைமாறிக்கொண்டே இருந்தது: 1994இல் சீகேட் நிறுவனத்துக்கும், 2003இல் பிசினஸ் ஆப்ஜெக்ட்ஸ் நிறுவனத்துக்கும், அதன் வழியே பின்னர் சாப் நிறுவனத்துக்கும் சென்றது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் உரிம விதிகளும், விஷுவல் ஸ்டுடியோவுடன் சேர்ந்து வரும் முறையும் மாறின. ஃபாக்ஸ்ப்ரோவுக்குப் புதிய பதிப்பு வராது என்று 2007இல் அறிவிக்கப்பட்டது. கருவியின் ஆயுள் கடையின் ஆயுளைவிடக் குறைவு என்பது இவ்வகையில் தெளிவானபோது, அறிக்கைக்கான தரவைத் திரட்டும் வினவல்களைக் கருவியின் கோப்புக்குள் எழுதாமல் தரவுத்தளத்திலேயே வைத்திருந்த நிறுவனங்கள், தாளின் அமைப்பை மட்டும் மீண்டும் வரைந்து தப்பித்துக்கொண்டன. வினவல், சூத்திரம், அமைப்பு மூன்றையும் ஒரே கோப்பில் கட்டிவைத்தவை அனைத்தையும் புதிதாக எழுத நேர்ந்தது.

வரிச் சட்டங்கள் இவ்வேறுபாட்டை நாள் குறித்து வெளிப்படுத்தின. 2007 ஜனவரி 1இல் மதிப்புக் கூட்டு வரி தமிழகத்தில் நடைமுறைக்கு வந்தபோது மாற்றம் சிறிதாகவே இருந்தது. 2017 ஜூலை 1இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியோ பில்லின் வடிவத்தையே மாற்றியது. மத்திய வரியும் மாநில வரியும் தனித்தனியே காட்டப்பட வேண்டும், பொருளின் வகையைக் காட்டும் எச்.எஸ்.என். குறியெண் வர வேண்டும். பில் எண் 16 எழுத்துகளுக்கு மிகாமல், நிதியாண்டுக்குள் மீண்டும் வராமல் இருக்க வேண்டும். சரக்கு விற்பனையின் விலைப்பட்டியல் பெறுபவர், கொண்டுசெல்பவர், விற்பவர் என மூவருக்கும் உரியதெனக் குறிக்கப்பட்ட மூன்று பிரதிகளாக இருக்க வேண்டும். கார்பன் தாள் ஒரு காலத்தில் தானாகத் தந்த மூன்று பிரதிகளை, இப்போது ஒவ்வொன்றின் தலையிலும் வெவ்வேறு குறிப்பு இட்டு அச்சிட்டுத் தரவேண்டிய கடமை கருவியின் மேல் வந்தது. ஜூன் மாத இறுதி இரவுகளில் தியாகராய நகரின் கடைகளில் விளக்கு அணையவில்லை. அமைப்பு தனிக்கோப்பில் இருந்த கடைகள் காலையில் திறந்தன, நிரலுக்குள் வரி வரியாக எழுதிவைத்திருந்த கடைகளுள் சில கைப்பில் எழுதின.

அடுத்து வந்த மின்விலைப்பட்டியல் முறை, வணிகர்களுக்கிடையேயான விற்பனைக்கு 2020 அக்டோபரில் பெரு நிறுவனங்களிடம் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் ஐந்து கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் உள்ளவர்கள்வரை இறங்கியது. அதில் அரசின் பதிவுத்தளம் தரும் 64 எழுத்து அடையாள எண்ணும், கையொப்பமிடப்பட்ட க்யூஆர் குறியீடும் விலைப்பட்டியலில் இடம்பெறுகின்றன. அக்குறியீட்டில் அடங்கிய செய்தி மிகுதி என்பதால் அதன் கட்டங்கள் மிகச் சிறியவை. இட நெருக்கடியில் அதைக் குறுக்கி வைத்தால் அழகாகத் தோன்றினாலும் கைப்பேசியால் படிக்க இயலாது. நகைக் கடைகளில் 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தெண் கொண்ட எச்.யு.ஐ.டி. என்னும் ஹால்மார்க் அடையாள முத்திரை இன்றித் தங்க நகை விற்கலாகாது என்றானபோது, பில்லில் அதற்கும் ஒரு நெடுவரிசை சேர்ந்தது.

இன்று மென்பொருள் உலாவிக்குள் குடியேறிவிட்டதால், வலைப்பக்கத்தையே பி.டி.எஃப். ஆக்கும் வழி பரவலாகியுள்ளது. வெப்கிட் என்னும் உலாவிப் பொறியைக் கொண்டு இதைச் செய்த டபிள்யூ.கே. எச்.டி.எம்.எல். டு பி.டி.எஃப். என்ற திறந்த மூலக் கருவியின் வளர்ச்சி நின்றுவிட்டது. 2017 முதல் குரோம் உலாவியைத் திரையின்றி இயக்கி அச்சிடும் வசதி அதன் இடத்தைப் பெற்றுவருகிறது. தமிழைப் பொறுத்தவரை இது பெரிய நன்மை. குரோம் பயன்படுத்தும் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவாக்கப் பொறி தமிழைச் சரியாக வரைகிறது. வழங்கியில் தமிழ் எழுத்துரு நிறுவப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் பேரேட்டுக்கு இவ்வழி உகந்ததன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அதுவரையான கூட்டு, அடுத்த பக்கத்தின் தலையில் முன்பக்கத்திலிருந்து கொண்டுவந்த தொகை என்பது கணக்கப்பிள்ளைகள் நூற்றாண்டுகளாகக் கையாண்ட ஒழுங்கு. பக்கம் எங்கே முறியும் என்பதை உலாவி கடைசியில்தான் முடிவு செய்கிறது என்பதால் அத்தொகையை அங்கே இடுவது எளிதில் கைகூடுவதில்லை. பட்டைகளைக் கொண்ட பழைய வகைக் கருவிகள் இதை இயல்பாகச் செய்கின்றன. ஆதலால், புதியது என்பதற்காகப் பழைய வகையை முற்றாக ஒதுக்குவது இக்கட்டுரையாளருக்கு உடன்பாடன்று.

பில் மேசையில் இப்போது இருப்பது 80 மில்லிமீட்டர் அகலச் சுருள்தாளில் வெப்பத்தால் அச்சிடும் சிறு பொறி. எப்சன் வகுத்த கட்டுப்பாட்டுக் குறியெண்களின் ஒரு வடிவத்தையே இவையும் பின்பற்றுகின்றன. இவற்றின் நினைவில் உள்ள எழுத்துத் தொகுதிகளில் பெரும்பாலும் தமிழ் இல்லை. ஆகவே தமிழில் பில் தர இயலாது என்று கடைக்காரர்களிடம் சொல்லப்படுவது வழக்கம். அது சரியன்று. ஊசித்தலை படத்தை வரையத் திணறியதற்குக் காரணம் அது இடவலமாக ஓடி அடிக்க வேண்டியிருந்ததே. வெப்பத்தலையோ தாளின் அச்சுப் பரப்பு அகலம் முழுவதற்கும் 576 புள்ளிகளை ஒரே வரிசையில் கொண்டு நிலையாக நிற்க, தாள் மட்டுமே நகர்கிறது. எழுத்தாக அனுப்பினாலும் படமாக அனுப்பினாலும் தாள் வெளிவரும் வேகத்தில் வாடிக்கையாளர் உணரத்தக்க வேறுபாடு இல்லை. எனவே, கணினியிலேயே தமிழைச் சரியாக வரைந்து, அந்த வரிகளைப் படமாகப் பொறிக்கு அனுப்பினால் தொகையும் தோடும் பிழையின்றி வருகின்றன. ரங்கநாதன் தெருவை ஒட்டிய ஒரு கடையில் இவ்வாறு செய்தபோது எஞ்சியிருந்த வேலை, பொருள் பட்டியலில் தமிழ்ப் பெயருக்கென ஒரு புலத்தைச் சேர்த்து நிரப்புவது மட்டுமே. விற்பனைப் பெண்கள் மாலை நேர ஓய்வில் அமர்ந்து அதை நிரப்பினர். ஆங்கிலத்தில் வெறும் எண்ணும் சுருக்கமுமாக இருந்த வரிகளுக்கு எதிரே அரக்கு, மாம்பழ நிறம், கெம்புக் கல் ஜிமிக்கி, வைரஊசிக் கோடு என்று தாங்கள் வாடிக்கையாளரிடம் சொல்லி விற்கும் பெயர்களை அவர்கள் எழுதினர். சீட்டின் அகலம் போதாத பெயர்களுக்கு இரண்டாம் வரி ஒதுக்கும்படி அமைப்புக் கோப்பு அன்றிரவே திருத்தப்பட்டது.